குத்திய நோட்டு

என் அண்ணனுடைய முன்பல் இரண்டையும் உடைத்தது நான்தான். மைக் ஸ்டாண்டு சாய்ந்து அவன் மேல் விழுந்துவிட்டது என்று ஊரில் இன்னமும் சிலர் எனக்காகப் பொய் சொல்கிறார்கள். அந்தப் பரிவு எனக்கு வேண்டாம். இரண்டு கையாலும் தூக்கி, வாயைப் பார்த்துத்தான் அடித்தேன். இதற்காக நான் ஒருநாளும் அழுததில்லை. அழவேண்டியதெல்லாம் அதற்கு முன்னாலேயே அழுதாகிவிட்டது.

எங்கள் ஊர் ஒரகடத்துக்கும் வல்லத்துக்கும் நடுவில். எண்பதுகளின் தொடக்கத்தில் அந்தப் பக்கம் கம்பெனி என்று சொல்ல ஒன்றும் கிடையாது. ஏரித் தண்ணீர் வந்தால் நெல், வராவிட்டால் வேர்க்கடலை, இரண்டும் இல்லாதவர்களுக்குக் கல்குவாரி. அப்பா செத்ததும் அண்ணன் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு லாரிக்குக் கல் ஏற்றப் போனான். அவன் ஏற்றிய கல்லில்தான் நான் செங்கல்பட்டுக் கல்லூரியில் கெமிஸ்ட்ரி படித்தேன். இதை நான் மறக்கவில்லை. மறக்க அவனும் விட்டதில்லை.

அவனுக்குப் பேச்சு வராது. கை வரும். கல்லூரிக்குப் போகும் பஸ்ஸில் ஒருவன் என் பின்னலைப் பிடித்து இழுத்தான். மறுநாள் காலை அண்ணன் சிங்கப்பெருமாள் கோயில் நிறுத்தத்தில் நின்று, அந்தப் பையன் இறங்கியதும், ஒரு வார்த்தை பேசாமல் அவன் மணிக்கட்டை முறித்தான். எலும்பு முறிகிற சத்தம் காய்ந்த சுள்ளி ஒடிவது போலத்தான் இருந்தது. பிறகு என் பக்கம் திரும்பி எனக்கும் ஓர் அறை விட்டான். "நீ இன்னாத்துக்கு வழியாண்ட நின்னுகினு வந்த? உள்ள போயி நிக்க மாட்டியா?" என்றான். அன்றைக்குக் கன்னம் வீங்கிய முகத்தோடு போய் வகுப்பில் உட்கார்ந்தேன். அதற்குப் பிறகு மூன்றாம் வருஷம் வரைக்கும் என் பக்கத்தில் எந்தப் பையனும் நிற்கவில்லை.

டிகிரி வந்தபோது ஊரே கூடி வந்து பார்த்தது. ஸ்டுடியோவில் வாடகைக் கவுன் மாட்டி அண்ணன் என்னைப் போட்டோ எடுக்க வைத்தான். அதைச் சட்டம் போட்டு, அப்பா படத்துக்கும் மேலே மாட்டினான். "இன்னாடா, செத்த மனுசனுக்கு மேலயா?" என்று அம்மா கேட்டாள். "அவுரு படிச்சாரா?" என்றான். குவாரிக்கு வரும் லாரி டிரைவர்களையெல்லாம் டீ குடிக்க வீட்டுக்குக் கூட்டிவந்து அந்தப் படத்துக்குக் கீழே உட்கார வைப்பான். பெயர் சொல்லமாட்டான். "எங்க வூட்டு பி.எஸ்சி." என்பான்.

வேலை மறைமலை நகரில் கிடைத்தது. காட்டை வெட்டி, ரோடு போட்டு, கம்பெனிகளுக்கு இடம் பிரித்துக் கொடுத்துக்கொண்டிருந்த சமயம். எங்கள் கம்பெனியில் சைக்கிளுக்கும் மொபெட்டுக்கும் வேண்டிய உதிரிச் சாமான்களுக்கு நிக்கல் முலாம் பூசுவார்கள். தொட்டித் தண்ணீரைப் பிப்பெட்டில் உறிஞ்சி, அமிலம் எவ்வளவு, உப்பு எவ்வளவு என்று பார்த்துச் சொல்வது என் வேலை. அமில வாடைக்கு என் வளையல் கறுத்தது, மூக்கு எரிந்தது. எனக்குப் பிடித்திருந்தது. என் சொல்லைக் கேட்டு ஒரு தொட்டியை நிறுத்தினார்கள் என்பதே எனக்குப் பெரிய விஷயம். அதுவரை நான் சொல்லி எங்கள் வீட்டில் ஆடு கூட நின்றதில்லை.

சேர்ந்த முதல் நாளே ரத்தம் பார்த்தேன். பாலிஷ் போடுகிற ஒருவன், எங்கள் ஊர்ப்பக்கத்துப் பையன்தான், சக்கரத்தில் ஒரு கைப்பிடியைக் கோணலாகத் தேய்த்துவிட்டான். போர்மேன் எல்லோர் முன்னாலும் அவனை அறைந்தார். அறைந்த விரல் ஐந்தும் கன்னத்தில் தனித்தனியாகத் தெரிந்தன. அவன் அடுத்த கைப்பிடியை எடுத்தான். சாயங்காலம் சங்கு ஊதி எல்லோரும் வெளியே வந்தபோது, கேட்டுக்கு வெளியே போர்மேன் மண்ணில் கிடந்தார். சட்டை ஒரு பக்கம், மூக்கு ஒரு பக்கம். ஷிப்ட் முடிந்தவர்கள் அவரைத் தாண்டித் தாண்டிப் பஸ்ஸுக்குப் போனார்கள். அடித்தது யார் என்று எல்லோருக்கும் தெரியும், கேட்டால் ஒருவருக்கும் தெரியாது.

அந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை, போர்மேன் விட்ட அந்த அறை ஒரு பாட்டாக வந்தது. கம்பெனிக்குப் பின்னால் பாதி கட்டி நின்றுபோன ஒரு கிடங்கு இருந்தது. ஞாயிறு மத்தியானம் அங்கே பாட்டு நடக்கிறது என்று கேன்டீனில் பேச்சு. பாடியவர் எங்கள் கம்பெனியில் மெஷின் பழுது பார்க்கும் பிட்டர், தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். சர்ச்சில் கிடார் கற்றுக்கொண்டவர். அறை வாங்கிய பாலிஷ்காரனுக்குத் தாளம். நிக்கல் உப்பு வந்த இரும்பு டிரம்களைக் கவிழ்த்துப்போட்டு, பாலிஷ் துணி சுற்றிய கட்டையால் அடிப்பான். அதை வாசிப்பது என்று சொல்லமுடியாது, அடிப்பதுதான். போர்மேனை அடித்தது பற்றாமல் மிச்சத்தை டிரம்மில் வைத்துக்கொண்டிருந்தான்.

"கன்னத்துல அஞ்சு விரலு, காலையில பூத்திருக்கு. மண்ணுக்குள்ள மூக்கு ஒண்ணு, சாயங்காலம் காய்ச்சிருக்கு."

இதை அவர் பாடியபோது கிடங்கில் இருந்த கூட்டம் கத்திய கத்தலில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை அதிர்ந்தது. அதுவரை எனக்குத் தெரிந்த பாட்டு என்றால் ரேடியோவில் வருவது, கோயிலில் போடுவது, ஒப்பாரி. மூன்றும் வேறு யாருக்கோ நடந்தவை. நேற்று என் கண்ணால் பார்த்ததை ஒருவர் இன்று பாட்டாகப் பாட முடியும் என்று எனக்குத் தெரியாது. யாரோ என்னைப் பிடித்து உலுக்கியது போல இருந்தது. கூட்டத்தில் தள்ளுமுள்ளு, செருப்பை மிதித்துவிட்டான் என்று இரண்டு பேர் சட்டையைப் பிடித்து உருண்டார்கள், பாட்டு நிற்கவில்லை. நானும் கத்தினேன். என் குரல் அவ்வளவு பெரிது என்று அன்றுதான் எனக்கே தெரிந்தது.

அப்புறம் எல்லா ஞாயிறும் போனேன். வீட்டில் ஓ.டி., கூடுதல் நேர வேலை, என்று சொன்னேன். பிட்டருக்கும் எனக்கும் ஏதோ இருந்ததாக இதைப் படிக்கிறவர்கள் நினைக்கலாம். இல்லை. அவருக்கு ஊரில் பெண்டாட்டியும் இரண்டு பிள்ளைகளும் இருந்தார்கள். என்னைத் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார். நான் காதலித்தது அந்த டிரம் சத்தத்தை.

சினிமாப் பாட்டு பாடமாட்டோம் என்பது அவர்கள் சபதம். ஒருமுறை கேன்டீன்காரர் கேட்டதற்கு, "அதப் பாடுததுக்கு ரேடியோ இருக்கு அண்ணாச்சி. நம்ம சோத்த நம்மதான் திங்கணும்" என்றார் பிட்டர்.

ஆடி மாதம் எங்கள் ஊரில் அம்மன் திருவிழா. அண்ணன் விழாக் கமிட்டியில் இருந்தான். வழக்கமாக வரும் பாட்டுக் கச்சேரிக்காரர்களை அந்த வருஷம் பக்கத்து ஊர் முந்திக்கொண்டது. அண்ணன் என்னிடம் வந்தான். "ஒங்க கம்பெனியில பாட்டுக் கோஷ்டி கீதாமே, வருவானுங்களா?" என்றான்.

"அவங்க சொந்தமா கட்டுன பாட்டுதான் பாடுவாங்க. சினிமாப் பாட்டு பாட மாட்டாங்க" என்றேன்.

அண்ணன் சிரித்தான். "நோட்டு குத்தினா எவனா இருந்தாலும் பாடித்தான் ஆவணும்."

எங்கள் பக்கத்து வழக்கம் அது. கூத்தோ கச்சேரியோ, பாடுகிறவன் சட்டையில் ஒருவர் ஊக்கால் ரூபாய் நோட்டைக் குத்தி, இன்ன பாட்டு வேண்டும் என்று சொல்லிவிட்டால், இன்னார் அன்பளிப்பு என்று மைக்கில் பெயர் சொல்லி அந்தப் பாட்டைப் பாடியாக வேண்டும். பாடி முடிகிற வரை யாரும் குறுக்கே வரக்கூடாது. குத்திய நோட்டைத் திருப்பிக் கொடுப்பதென்றால் ஊர் நடுவே செருப்பால் அடிப்பதற்குச் சமம். இதை நான் பிட்டரிடமும் சொன்னேன். "பாத்துக்கிடலாம் தங்கச்சி" என்றார். தெற்கத்திக்காரர், நோட்டின் அர்த்தம் அவருக்குப் புரியவில்லை.

கோயிலுக்கு முன்னால் மாட்டு வண்டிகளைச் சேர்த்துப் பலகை போட்டு மேடை. விளக்கு வைக்கிற நேரத்துக்கு ஆரம்பித்தார்கள். ஆண்கள் ஒரு பக்கம், மணலில் பெண்கள் ஒரு பக்கம். முதல் பாட்டே பஸ் பாட்டு.

"சங்கு ஊதுது சங்கு ஊதுது, சோறு இன்னும் வேகல. பஸ்ஸு வந்து நிக்குது, காலு இன்னும் ஏறல."

ஊர் ஙே என்று பார்த்தது. கைதட்டல் இல்லை, சீட்டியும் இல்லை. அவர்கள் ஜெயிக்க வேண்டும் என்று நான் பட்ட பாடு, பரீட்சை முடிவுக்குக் கூடப் பட்டதில்லை. அந்தப் பதற்றத்தில் என்னை அறியாமல் கூடவே பாடிக்கொண்டிருந்தேன். அடுத்த பாட்டுக்கும் பாடினேன். ஊரில் ஒருவரும் கேட்டிராத பாட்டை, ஒரு சொல் பிசகாமல், நான் மட்டும் பாடிக்கொண்டிருந்தேன்.

தலை நிமிர்ந்தபோது அண்ணன் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். ஞாயிற்றுக்கிழமை ஓ.டி. எல்லாம் அவன் முகத்தில் ஒவ்வொன்றாக வந்து போனது. குவாரியில் வெடி வைத்துவிட்டுத் தள்ளி நிற்பார்களே, திரி எரிகிற அந்த அமைதி. அவன் எழுந்து மேடைக்குப் போனான்.

பிட்டரின் சட்டையில் நோட்டைக் குத்தினான். அந்த வருஷம் டீக்கடைக்கு டீக்கடை ஓடிய ஒரு காதல் தோல்விப் பாட்டைக் கேட்டான். இப்போதுதான் ஊர் சீட்டியடித்தது.

பிட்டர் ஊக்கைக் கழற்றினார். நோட்டை மடித்து, மரியாதையாக, இரண்டு கையாலும் அண்ணன் கையில் வைத்தார். "கோவிச்சுக்கிடாதீங்க. நாங்க எங்க பாட்ட மட்டுந்தான் பாடுதோம்" என்று மைக்கிலேயே சொன்னார்.

அண்ணன் கையில் இருந்த நோட்டைப் பார்த்தான். ஊரைப் பார்த்தான். பிறகு கிடாரைப் பிடுங்கிப் பலகையில் அடித்தான். ஓர் அடியில் அது உடையவில்லை, மூன்று நான்கு அடி தேவைப்பட்டது. பாலிஷ்காரன் டிரம் கட்டையால் அண்ணன் தோளில் போட்டான். கமிட்டிப் பையன்கள் மேலே ஏறினார்கள். கல் பறந்தது, டியூப்லைட் வெடித்தது, பெண்கள் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு ஓடினார்கள். எல்லோரும் கீழே ஓட, நான் மேலே ஓடினேன்.

பிட்டர் குப்புற விழுந்து கிடந்தார். அண்ணன் அவருடைய இடது கையைக் காலால் அழுத்தி, குதிகாலைத் திருகிக்கொண்டிருந்தான். "இந்தக் கைதானே எடுத்துக் குட்த்துச்சி? இந்தக் கைதானே?" என்று கேட்டுக்கொண்டே திருகினான். சிங்கப்பெருமாள் கோயில் பஸ் நிறுத்தத்தில் கேட்ட அதே சுள்ளிச் சத்தம். ஒன்று, இன்னொன்று. கிடாரில் ஓடி ஓடி எனக்கு ஞாயிற்றுக்கிழமைகளைக் கொடுத்த விரல்கள் அவை.

"உடு அண்ணா" என்றேன். கேட்கவில்லை. "கால எடுறா" என்றேன். என் வாழ்நாளில் அவனை டா போட்டது அதுதான் முதல் தடவை. அவன் ஆச்சரியப்பட்டுத் திரும்பினான். திரும்பிய வாயில் மைக் ஸ்டாண்டின் இரும்பு அடிப்பாகம் போய் இறங்கியது. மைக் உயிரோடு இருந்ததால் அந்தச் சத்தம் ஊர் முழுக்கக் கேட்டது.

வீட்டில் அம்மா விளக்குமாறு பிய்ந்து போகிறவரை அடித்தாள். நான் பெத்த பிள்ளையின் வாயை உடைத்தவளே என்று அடித்தாள், பிறகு அவளே என் முதுகுக்கு எண்ணெய் தடவினாள். அண்ணன் வாயில் துணியை அடைத்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தான். என்மேல் கை வைக்கவில்லை. அதற்குப் பதில் என் கம்பெனி அடையாள அட்டையை எடுத்து மடியில் செருகிக்கொண்டு, "ஊர் கூடட்டும். இனிமே வேலைக்குப் போவ மாட்டா. இட்டுகினு போயி எவனுக்காவது கட்டிக் குடுக்கறேன்" என்றான். சும்மா மிரட்டுகிறவன் இல்லை அவன். சொன்னால் செய்வான். எனக்கு வேலை போனால் தொட்டியும் போகும், ஞாயிறும் போகும், என் குரலும் போகும்.

ஊர் கூடியது. அண்ணன் பல்லைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. "நான் குத்தின நோட்ட எடுத்துக் கையில குட்த்தான். அதுக்கு ஞாயம் சொல்லுங்க" என்றான். எல்லோருக்கும் அது நியாயமாகப் பட்டது. விரல் உடைந்தது ஒரு பக்கம், பல் உடைந்தது ஒரு பக்கம், அடிக்கு அடி சரியாய்ப் போயிற்று என்றார் நாட்டாண்மை. திருப்பிக் கொடுத்த நோட்டுதான் பாக்கி. அந்தப் பாட்டுக்காரர் வந்து, அதே இடத்தில், அதே நோட்டை வாங்கி, அதே பாட்டைப் பாடிவிட்டால், அண்ணன் என்னை வேலைக்கு அனுப்ப வேண்டும். பாடாவிட்டால் அண்ணன் இஷ்டம். என் வேலை, கம்பெனிக்கு வெளியே, எனக்குச் சம்பந்தமே இல்லாத ஒருவர் தொண்டையில் போய் மாட்டிக்கொண்டது.

நாட்டாண்மை கம்பெனிக்கு ஆள் அனுப்பினார். பிட்டர் வரமாட்டார் என்றுதான் நினைத்தேன். வரக்கூடாது என்று பாதி மனசு வேண்டிக்கொள்ளவும் செய்தது. ஞாயிறு மத்தியானம் பஸ்ஸிலிருந்து இறங்கினார். இடது கை முழுக்க மாவுக்கட்டு. பின்னால் பாலிஷ்காரன் ஒரே ஒரு டிரம்மைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தான்.

"ஏன் வந்தீங்க?" என்று நான் கேட்டேன். பக்கத்தில் ஊர் நிற்பது பற்றிக் கவலைப்படவில்லை.

"ஒனக்கு வேல வேணும்லா" என்றார்.

அண்ணன் நோட்டைக் குத்தினான். பாலிஷ்காரன் அண்ணன் பெயரைச் சொல்லி அன்பளிப்பு என்று அறிவித்தான். பிட்டர் பாடினார். மோசமாகப் பாடியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். கிடார் இல்லாமல், வெறும் தொண்டையில், ரேடியோவில் வருவதைவிட நன்றாகப் பாடினார். ஊர் அழுதது. சீட்டி, கைதட்டல், இன்னும் இரண்டு பேர் நோட்டோடு எழுந்தார்கள், அதே மாதிரி இன்னொன்று என்று. அவர் யார் முகத்தையும் பார்க்காமல் நின்றார். விரலை மிதித்து உடைத்தபோது கத்தியவர், இப்போது கத்தக்கூட இல்லை. எல்லா அடியிலும் அதுதான் பெரிய அடி என்று எனக்குத் தோன்றியது. மறுபடி அந்த மைக் ஸ்டாண்டைத் தேடியது என் கை. இந்தத் தடவை உடைக்க ஊர் முழுவதற்கும் பல் இருந்தது.

ஸ்டாண்டை எடுக்கவில்லை. முந்தானையில் முடிந்து வைத்திருந்த நோட்டை அவிழ்த்தேன். வளையலில் கோர்த்திருந்த ஊக்கைக் கழற்றிக்கொண்டு, மணலிலிருந்து எழுந்து, ஆண்கள் பக்கமாக நடந்து மேடை ஏறினேன். நோட்டோடு எழுந்தவர்கள் வழிவிட்டார்கள், ஏன் என்று தெரியாமலே. பிட்டர் சட்டையில் குத்தினேன். குத்திய வேகத்தில் ஊக்கு அவர் நெஞ்சிலும் கொஞ்சம் ஏறியது.

"பஸ் பாட்டு" என்றேன்.

"பொம்பள நோட்டு குத்தறதாவது" என்று யாரோ கத்தினார்கள். அண்ணன் எழுந்துவிட்டான். கை மூடியிருந்தது. நாட்டாண்மை அவனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மீசையைத் தடவினார்.

"பொம்பள குத்தக்கூடாதுன்னு எவனாவது சொல்லிக்கீறானா?" என்றார். கூட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்தார். "அப்ப குத்திட்சி. குந்துடா."

பாலிஷ்காரன் மைக்கைப் பிடித்துக்கொண்டு என்னிடம் குனிந்தான். "யார் அன்பளிப்புன்னு சொல்றது? இன்னார் தங்கச்சின்னா?"

"தங்கச்சி வாணாம். பி.எஸ்சி.ன்னு சொல்லு."

அவன் அப்படியே சொன்னான். அண்ணன் அதைக் கேட்டுவிட்டுத்தான் உட்கார்ந்தான்.

பிட்டர் பாடினார். ஒற்றை டிரம், பாலிஷ்காரன் அதைக் கொல்லுகிற மாதிரி அடித்தான். சங்கு ஊதுது, சங்கு ஊதுது. எழுந்து போக ஒருவராலும் முடியவில்லை, நோட்டு குத்தியிருந்தது. முதல் தடவை ஙே என்று பார்த்த ஊர், கடைசி வரை உட்கார்ந்து கேட்டது. நான் மேடையிலேயே நின்று, கூடவே, சத்தமாகப் பாடினேன்.

வீட்டுக்கு நடந்தபோது அண்ணன் எனக்குப் பத்தடி முன்னால் போனான். வாசலில் நின்று மடியிலிருந்து அடையாள அட்டையை எடுத்துக் கொடுத்தான். பல் போன இடத்தில் காற்று புகுந்து சொற்கள் வழுக்கின.

"ஞாயித்துக்கெழம பாட்டுக்குப் போறன்னா, பாட்டுக்குப் போறேன்னு சொல்லிட்டுப் போ. ஓ.டி.ன்னு பொய் சொன்ன, மறுபடி அடிப்பேன்."

"நானும் அடிப்பேன்" என்றேன்.

"தெரியும்" என்று உதட்டைத் தொட்டுக்கொண்டு உள்ளே போனான்.